மாறாத கோணம்

லாபர் வ்ராக் துறையில்
கட்டுக்கயிற்றை அவிழ்த்தபோது மணி ஆறே முக்கால்.
கையசைக்க யாருமில்லை.
வலை அலசிக்கொண்டிருந்த கூல்வென் மட்டும்
ராத்திரி காற்று திரும்பும் என்றான்.
தெரியும் என்றேன்.

எட்டு மீட்டர் படகு. பெயர் மோர்வ்ரான்,
எங்கள் பிரெத்தோன் பேச்சில் நீர்க்காகம்.
அதைப் போலவே
பாதி உடம்பு எப்போதும் தண்ணீருக்குள்.

கச்சான் இடத்தோளில் சாய்ந்து தள்ள
அணியம் வடக்கே.
பின்னால் வியர்ஜ் தீவின் விளக்கு
ஐந்து நொடிக்கு ஒருமுறை
கதவைத் திறந்து பார்த்து மூடிக்கொண்டது
நான் போய்விட்டேனா என்று.
பதினொன்றுக்கு மேல் பார்ப்பதை விட்டுவிட்டது.

சமையலறையிலிருந்து தூக்கிவந்த
தகரக் கோழிக் கடிகாரம் மடியில்.
இருபது நிமிடம் முறுக்குவேன், கண்ணை மூடுவேன்,
கொக்கரிக்கும், எழுவேன்,
அடிவானத்தை ஒரு சுற்றுத் துழாவுவேன், மறுபடி முறுக்குவேன்.
தூக்கத்தைச் சில்லறையாய் மாற்றிச் செலவழிக்கும் இரவு.
ஏன் இருபது?
அடிவானத்துக்குக் கீழிருந்து ஒரு கப்பல்
ஏறி வந்து என்னைத் தொட
அவ்வளவு நேரம் போதும்.

கால்வாயின் தென்பாதியில்
எல்லாம் இடப்புறமிருந்து வரும், பச்சை காட்டிக்கொண்டு.
வடபாதியில் வலப்புறமிருந்து, சிவப்பு.
கைத்திசைகாட்டியைக் கண்ணருகே பிடித்து
ஒவ்வொன்றின் கோணத்தையும் பென்சிலால் எழுதுகிறேன்
முழங்காலில் ஒட்டிய வெள்ளை டேப்பில்.
கோணம் மாறினால் அது உன்னைக் கடந்து போகும்.
மாறாமலே வெளிச்சம் பெரிதானால்
உனக்கென்றே வருகிறது.
(இதை வேறெதற்கும் உவமையாக்க
அப்போது எனக்கு நேரமில்லை. இப்போதும் வேண்டாம்.)

ஒன்றேகாலுக்கு மழை.
மழைக்குள்ளேயே காற்று உடைந்து
வடமேற்குக்குத் தாவியது.
பருமல் தலைக்கு மேல் உறுமியது.
தாமானைத் தளர்த்திப் பாயைச் சுருக்கினேன், இரண்டாம் மடிப்பு வரை.
நகம் ஒன்று போனது.
இரண்டு மணி நேரம் ஒவ்வோர் அலையும்
கரண்டி கரண்டியாய் உப்பை ஊட்டியது.
பிறகு
யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல்
காற்று பாதி வேலையில் எழுந்து போய்விட்டது.

பாய் தொங்கியது, ஈரப் போர்வையாய்.
எஞ்சின் இருமியது. இருமிவிட்டு ஓய்ந்தது.
வலப்புறம் இரண்டு வெள்ளை விளக்குகள்
ஒன்றின்மேல் ஒன்று, தூக்குநூல் விட்டதுபோல்.
கீழே சிவப்பு. பச்சை.
இரண்டும் தெரிந்தால் அது உன் முகத்தைப் பார்க்கிறது.
எழுபத்தொன்று.
ஐந்து நிமிடம் கழித்து, எழுபத்தொன்று.

பதினாறாம் அலைவரிசையில் அழைத்தேன்.
என் குரல் எனக்கே சின்னதாய்க் கேட்டது.
இரைச்சல். இன்னும் இரைச்சல். பிறகு ஓர் ஆண்குரல்,
அப்போதுதான் எதையோ மென்று விழுங்கியது:
"பாய்ப்படகு மோர்வாரன்..."
"மோர்வ்ரான்."
"மன்னிக்கவும் மேடம். பார்த்துவிட்டேன்.
வலப்பக்கம் திரும்புகிறேன், இருபது பாகை.
படகில் எத்தனை பேர்?"
"ஒருத்தி."
கருவி கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் விட்டது.
"இங்கேயும் இப்போது ஒருவன்தான்.
காவலாள் காபி எடுக்கப் போயிருக்கிறான்."
பெயர் கேட்டேன். எலிசியோ. ஊர் இலோயிலோ.
அது எங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை.

இருநூறு மீட்டர் இரும்பு
சொன்னவுடன் திரும்பிவிடாது.
எண்ணினேன். நாற்பது. எழுபது. நூற்றுப்பத்து.
பச்சை அணைந்தது.
ஒரு விளக்கு அணைந்ததற்கு
இவ்வளவு மகிழ்ந்ததில்லை நான்.

அவர் கடந்தபோது நட்சத்திரங்கள் வரிசையாய் மறைந்து
வரிசையாய்த் திரும்பி வந்தன.
டீசல் வாசம். அதற்குள் எங்கோ வறுத்த பூண்டு.
அவர் எழுப்பிய அலைகள் மூன்று
தாமதமாக வந்து படகை உதைத்தன.
அடுப்பிலிருந்த கோப்பை கவிழ்ந்தது.

நாட்குறிப்பில் எழுதினேன்:
மூன்று நாற்பது. காற்றில்லை.
கப்பல் ஒன்று வடக்கே ஒதுங்கியது.
பூண்டுக்கு அதில் கட்டமில்லை.

நாலரைக்குக் கிழக்கிலிருந்து கொண்டல்,
முதலில் கழுத்தின் ஈரத்தில், அப்புறம் பாயில்.
மேகத்தின் அடிவயிற்றில்
லிசார்ட் முனையின் வெளிச்சம் தடவிப் போனது.
மடியில் கோழி கொக்கரித்தது.
விழித்துத்தான் இருந்தேன்.
இருந்தாலும் அதன் தலையில் ஒரு தட்டு தட்டி
இன்னோர் இருபது நிமிடம் முறுக்கினேன்.